உபுண்டுல சொந்தமா லினக்ஸ் கர்னல் பில்ட் பண்ணலாம் வாங்க (சர்டிபிகேட் எரர்ல மாட்டாம)

முதல்லயே சொல்லிடறேன், இப்ப ஓடிட்டிருக்கிற கர்னலை (ஹார்ட்வேரையும் சாஃப்ட்வேரையும் இணைக்கிற, லினக்ஸோட மையப் பகுதி) மட்டும் அழிச்சிடாதீங்க. புதுசு பூட் ஆகாம மக்கர் பண்ணா கிரப் மெனுல (ஆன் ஆகும்போது எதை பூட் பண்ணணும்னு கேக்கிற மெனு) அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் பழசுல உள்ள வந்துக்கலாம்.

பில்ட்-எசென்ஷியல், பிளெக்ஸ், பைசன், பிசி, டெப்ஹெல்பர், டுவார்வ்ஸ், அப்புறம் லிப்எஸ்எஸ்எல், லிப்எல்ஃப், லிப்என்கர்சஸ் மூணுக்கும் டெவ் பேக்கேஜ், எல்லாத்தையும் ஆப்ட்ல (உபுண்டுவோட பேக்கேஜ் இன்ஸ்டாலர்) போட்டுக்கோங்க. சோர்ஸை கர்னல் டாட் ஆர்க்ல எடுங்க. லாங்டர்ம்னு போட்டிருக்கிறது (ரொம்ப நாளைக்கு அப்டேட் வர்ற வெர்ஷன்) போதும், உதாரணத்துக்கு 6.12. மெயின்லைன் (இன்னும் டெவலப் ஆகிட்டிருக்கிற வெர்ஷன்) பக்கம் இப்போதைக்கு போகவேணாம்.

அடுத்து கான்ஃபிக், அதாவது கர்னல்ல எதெல்லாம் இருக்கணும்ங்கிற பட்டியல். பூட் ஃபோல்டர்ல இருக்கிற உங்க கர்னலோட கான்ஃபிக் ஃபைலை சோர்ஸ் ஃபோல்டருக்குள்ள டாட் கான்ஃபிக்-ங்கிற பேர்ல காப்பி பண்ணிட்டு 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' ஓட்டுங்க, கேள்வி கேட்டா என்டர் தட்டிட்டே போங்க. இது அந்த நேரத்துல லோட் ஆகியிருக்கிற மாட்யூலை (டிரைவர் மாதிரி கர்னலோட தனித்தனி துண்டு) மட்டும்தான் வச்சுக்கும், அதனால வைஃபை டாங்கிள், பென்டிரைவ், வெப்கேம்னு நீங்க யூஸ் பண்றதெல்லாம் முன்னாடியே சொருகிடுங்க, இல்லன்னா புது கர்னல்ல அதெல்லாம் வேலை செய்யாம போயிடும்.

இப்ப எல்லாரும் முட்டிக்கிற இடம். பில்ட் நல்லா ஓடிட்டிருக்கும், திடீர்னு 'நோ ரூல் டு மேக் டார்கெட்'னு நின்னுடும், கூடவே கேனானிகல்-சர்ட்ஸ்-னு ஒரு ஃபைல் பேரு. உங்க கம்பைலர்ல ஒரு குத்தமும் இல்ல. உபுண்டு கான்ஃபிக்ல அந்த ஃபைலோட பாத் எழுதியிருக்கு, ஆனா ஃபைல் அவங்க சோர்ஸ்ல மட்டும்தான் இருக்கு, நாம எடுத்ததுல கிடையாது. 'மேக் மெனுகான்ஃபிக்' திறந்து ஸ்லாஷ் தட்டி சிஸ்டம்_ட்ரஸ்டட்_கீஸ்-னு தேடுங்க, ரிசல்ட் பக்கத்துல ஒரு நம்பர் வரும், அதை அமுக்கினா நேரா அங்கயே கொண்டு போய் விடும், உள்ள இருக்கிற பாத்தை அழிச்சு காலியா விடுங்க. அதே மாதிரி சிஸ்டம்_ரெவகேஷன்_கீஸ்-ஐயும் காலி பண்ணணும், ஒண்ணை மட்டும் பண்ணா அதே எரர் வேற ஃபைல் பேரோட திரும்ப வரும்.

அங்க இருக்கும்போதே டீபக் இன்ஃபர்மேஷனை (கர்னல்ல தப்பு தேடுறவங்களுக்கான தகவல்) டிசேபிள் பண்ணிடுங்க, நமக்கு அது தேவையே இல்ல, டிஸ்க்கை ஜிபி கணக்குல முழுங்கும். ஜெனரல் செட்டப்ல லோக்கல் வெர்ஷனுக்கு ஒரு பேரும் வச்சுடுங்க.

இனி பில்ட் ஓட்டலாம்: 'மேக் பின்டெப்-பிகேஜி', கூட மைனஸ் ஜே போட்டு உங்க ப்ராசசரோட கோர் எண்ணிக்கை. சூடோ (அட்மின் உரிமை) வேணாம், அது இன்ஸ்டாலுக்கு மட்டும்தான். நிறைய பேர் மேக் இன்ஸ்டால்னு பண்றாங்க, எனக்கு அது பிடிக்காது, டெப் பேக்கேஜா இருந்தா வேணாம்னா ஆப்ட்லயே சுத்தமா தூக்கிடலாம். முடிஞ்சதும் ஒரு ஃபோல்டர் வெளிய வந்து பாத்தா டெப் ஃபைல் எல்லாம் இருக்கும், இமேஜ், ஹெடர்ஸ் ரெண்டையும் டிபிகேஜி மைனஸ் ஐ-ல போட்டு ரீபூட். யூநேம் மைனஸ் ஆர் அடிச்சா நீங்க வச்ச பேரு தெரியணும்.

அப்டேட்: சில பேருக்கு ரீபூட்ல 'பேட் ஷிம் சிக்னேச்சர்'னு வருதாம். செக்யூர் பூட் (நம்பகமான கையெழுத்து இல்லாத கர்னலை பூட் ஆக விடாத பாதுகாப்பு) ஆன்ல இருக்குன்னு அர்த்தம், நீங்க பில்ட் பண்ணதுல அது ஒத்துக்கிற கையெழுத்து கிடையாது. பயாஸ்ல போய் ஆஃப் பண்ணுங்க, இல்ல சொந்தமா கீ உருவாக்கி சைன் பண்ணணும், அது தனி போஸ்ட்டுக்கான விஷயம்.