சக்கர நாற்காலியோடு சிங்கப்பூர்க் கடலோரம் சுற்ற

ஊரிலிருந்து வரும் உறவினர்களில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார் என்றால் உடனே நம்மவர்கள் "நாலு நாளும் வேன் எடுத்துவிடலாம்" என்பார்கள். தேவையில்லை. இங்கே எல்லா எம்ஆர்டி ரயில் நிலையங்களிலும் படி ஏறாமல் போகும் வழி ஒன்றாவது உண்டு, பொதுப் பேருந்துகள் எல்லாவற்றிலும் 2020 கடைசியிலிருந்து சக்கர நாற்காலி ஏறும். பாடுபடுத்துவது நிலையத்தை விட்டு வெளியே வந்தபின் வரும் கடைசி இருநூறு மீட்டர்தான். ஒரு நிலையத்துக்கு ஆறேழு வாசல் இருக்கும், மின்தூக்கி ஒன்றிரண்டில் மட்டும் இருக்கும். தப்பான பக்கம் வெளியே வந்துவிட்டால் வெயிலில் பெரிய சாலையைச் சுற்றித் தள்ளிக்கொண்டு வர வேண்டும். எந்த வாசலில் மின்தூக்கி என்பதை முதல் நாள் இரவே நிலைய வரைபடத்தில் பார்த்துவையுங்கள்.

கிளம்பும் முன் நாற்காலியை அளந்து பாருங்கள். ரயிலிலும் பேருந்திலும் ஏற அது 70 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளத்துக்குள் இருக்க வேண்டும், ஆளோடு சேர்த்து எடை 300 கிலோவைத் தாண்டக்கூடாது. மோட்டார் நாற்காலி என்றால் சார்ஜருக்கு அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள், இங்கே சதுரக் கால் மூன்று கொண்ட பிளக். கட்டணத்துக்கு உங்கள் வங்கி அட்டையையே தட்டலாம்.

பேருந்து ஏறுவதற்குத்தான் பலர் தயங்குகிறார்கள், ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டால் பயம் போய்விடும். ஓட்டுநர் கண்ணில் படுகிற மாதிரி நின்று கையைக் காட்டுங்கள். அவரே இறங்கி வந்து, நடுக்கதவுப் பக்கம் தரையோடு மடிந்திருக்கும் சாய்பலகையைக் கையால் தூக்கி நடைபாதையில் விரிப்பார். உள்ளே போனதும் நாற்காலியைப் பேருந்தின் பின்பக்கம் பார்க்கத் திருப்பி, மெத்தை வைத்த முதுகுப் பலகையோடு ஒட்டி நிறுத்தி பிரேக் போட வேண்டும். இறங்கும் நிறுத்தம் வருவதற்கு முன் அங்கேயே இருக்கும் நீலப் பொத்தானை அமுக்கினால் போதும். நம்மால் இத்தனை பேர் காத்திருக்கிறார்களே என்று கூச்சப்படாதீர்கள், அது உங்களுக்காகவே போட்ட பலகை.

முதல் நாளுக்கு மரினா பே. ஹீலிக்ஸ் பாலம், எஸ்பிளனேடு கலையரங்கம், ஜூபிலி பாலம் என்று நீரோரம் சுற்றி வரும் 3.5 கி.மீ. நடைபாதை பெரும்பாலும் சமதளம். எஸ்பிளனேடிலிருந்து சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலைப் பக்கம் போக, வண்டிகள் ஓடும் பாலத்தை விட்டுவிட்டு, 2015இல் திறந்த ஜூபிலி பாலத்தில் போங்கள், அகலமாக இருக்கும், நெருக்கடி இல்லை. மெர்லயன் பூங்காவில் படிகள் நிறைய, சாய்தளம் எங்கே என்று பார்த்துத் திரும்புங்கள். மரினா பராஜ் அணைக்கட்டின் புல்வெளிக் கூரைக்கும் சாய்பாதையிலேயே ஏறிவிடலாம், ஆனால் ஏற்றம் நீளம், கையால் தள்ளுகிற நாற்காலி என்றால் தள்ள இன்னொரு ஆளும் வேண்டும்.

ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் 15 கி.மீ. கடற்கரை, நல்ல பாதை, உட்கார்ந்து சாப்பிட லகூன் உணவங்காடி. மணலில் மட்டும் இறங்காதீர்கள், சக்கரம் புதைந்துவிடும். ரயில் நிலையத்திலிருந்து போக விரைவுச்சாலையைக் கடக்க வேண்டும், சில இடங்களில் அதற்குப் படிதான் என்பதால் பூங்காவின் கார்நிறுத்தம் வரை டாக்சியில் போவதே நல்லது. செந்தோசா தீவுக்கு விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் மாடியிலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில், நாற்காலியோடு அப்படியே உள்ளே போகலாம். பூலாவ் உபின் தீவுக்குப் போகும் படகை நான் பரிந்துரைக்க மாட்டேன், படகுத்துறையிலிருந்து ஆடும் படகுக்குள் கால் வைத்து இறங்க வேண்டும், தூக்கி இறக்கச் சொல்வது யாருக்கும் நல்லதில்லை.

லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போகாமல் நம்மவர்கள் பயணம் முடியாது, சரி. சிராங்கூன் சாலையின் பழைய கடைவீடுகளில் ஐந்தடிப் பாதை, அதாவது கடை வாசலில் கூரைக்கடியில் ஓடும் நடைபாதை, கடைக்குக் கடை உயரம் மாறும், நடுநடுவே ஒரு படி, அதன்மேல் காய்கறிப் பெட்டி. கட்டடங்களில் தடையில்லா வசதி வேண்டும் என்ற விதி வந்ததே 1990இல்தான், இவை அதற்கு எவ்வளவோ முந்தியவை. ஞாயிறு மாலைக் கூட்டத்தைத் தவிர்த்து, வாரநாள் காலையில் போங்கள். தேக்கா சென்டர் கட்டடத்தில் மீன், காய்கறி விற்கும் ஈரச்சந்தையில் மீன் கடைப் பக்கம் தரை வழுக்கும். உணவங்காடிகளில் முக்காலிகளைத் தரையோடு பதித்திருப்பார்கள். ஒரு பக்கம் முக்காலி இல்லாத மேசையைத் தேடி உட்காருங்கள்.

பார்வைக் குறையுள்ளவர் தனியாக வந்தால் ரயில் நிலையத்தில் பயணியர் சேவை நிலையத்தில் சொல்லுங்கள், ஊழியர் ரயில் வரை கூட்டிப்போய், இறங்கும் நிலையத்துக்கும் தகவல் சொல்லிவிடுவார். தரையில் மேடுபோட்ட வழிகாட்டிக் கற்கள் நடைமேடை வரை போகும். அப்புறம், கூடப் போகிறவர்களுக்கு ஒன்று: "அவருக்கு என்ன வேணும்?" என்று யாராவது உங்களைக் கேட்டால் பதில் சொல்லாமல் அவரையே கேட்கச் சொல்லுங்கள்.

மடக்க முடியாத மோட்டார் நாற்காலிக்குச் சாதாரண டாக்சி ஆகாது. மேக்ஸி கேப் என்ற பெரிய டாக்சியைப் பதிவு செய்யும்போதே சாய்தளம் உள்ள வண்டி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். டிசம்பர், ஜனவரி மழையில் அந்த நேரத்துக்கு வண்டி தேடினால் கிடைப்பது கஷ்டம், திரும்பி வரும் வண்டியையும் போகும்போதே சேர்த்துப் பதிவு செய்துவிடுங்கள்.