வாரத்தில் ஒரே நாள் மாத்திரை

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர்கள் வீட்டு நாட்காட்டியில் ஒரு கிழமையை வட்டம் போட்டு வையுங்கள். எங்கள் அம்மாவுக்கு அது ஞாயிறு: தேக்கா சந்தைக்குப் போய்வந்து, சாப்பிட்ட பிறகு. இந்த மாத்திரை வாரத்துக்கு ஒருமுறைதான். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் கிடந்தால் தினமும் விழுங்கிவிடும் ஆபத்து உண்டு. ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே வினையாகும். அதனால் தனி டப்பா. வீட்டுப் பணிப்பெண்ணிடமும் சொல்லிவையுங்கள். இதன் பக்கவிளைவுகளைக் குறைக்கத் தரும் ஃபோலிக் அமில மாத்திரையை மருத்துவர் சொன்ன நாளில் மட்டும் கொடுங்கள். இரண்டுமே பெரும்பாலும் சின்ன மஞ்சள் மாத்திரை, கண்ணை ஏமாற்றும்!

காய்ச்சல் வந்தால், அந்த வார மாத்திரையைப் போடுமுன் மருத்துவரைக் கேளுங்கள். புதிதாக வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். நோயாலும் மருந்தாலும் நுரையீரல் பாதிக்கப்படலாம். ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். செலவுதான் தயக்கம் என்றால், மெடிசேவ் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தக்கூடிய நாட்பட்ட நோய்களின் பட்டியலில் முடக்குவாதமும் இருக்கிறது.