பிளாக்கிங் பெப்டைடு வைத்து ஆன்டிபாடியைச் சோதிப்பது எப்படி? மலைமேல் இருக்கும் ஆய்வகங்களுக்கு

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் சோதனை) பேண்ட், அதாவது கோடு, விழுந்தால் அது நாம் தேடும் புரதம்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆன்டிபாடியை எந்தப் பெப்டைடை (சிறு புரதத் துண்டு) கொண்டு உருவாக்கினார்களோ, அதையே முன்கூட்டி ஆன்டிபாடியோடு கலந்தால் அதன் பிடிப்பிடங்கள் அடைபடும். பிறகு எந்த பேண்ட் மறைகிறது, எது நிற்கிறது என்று பார்க்க வேண்டும். முழுப் புரதத்தைச் செலுத்தி உருவாக்கிய ஆன்டிபாடிக்கு ஒரு சிறு பெப்டைடு போதாது. தகவல்தாளை முதலில் பாருங்கள்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த பெப்டைடுக் குப்பியை உடனே திறக்காதீர்கள். ஊட்டி, குன்னூர் மழைக்காலக் காற்றின் ஈரம் குளிர்ந்த பொடியில் படிந்து அதைக் கெடுக்கும். அரைமணி நேரம் மூடியபடி வைத்து, சென்ட்ரிஃபியூஜில் ஒருமுறை சுற்றிவிட்டுத் திறந்து, மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று நீரில் கரையுங்கள். சிறுசிறு பங்காகப் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே புரத மாதிரியை 95 டிகிரியில் சூடாக்க வாட்டர் பாத் உதவாது. டிரை பிளாக் (டியூபைச் செருகிச் சூடாக்கும் உலோகக் கட்டை) வேண்டும். டியூப் மூடி தெறிக்காமல் பூட்டிக்கொள்ளுங்கள்.

3 டியூப் எடுங்கள். ஒவ்வொன்றிலும் 5 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு சீரப் புரதம்) கலந்த டிபிஎஸ்டி (டுவீன் சேர்த்த டிரிஸ் உப்பு பஃபர்) 200 மைக்ரோலிட்டர், ஆன்டிபாடி 2 மைக்ரோகிராம். முதல் டியூபில் 10 மைக்ரோலிட்டர் நீர், இரண்டாவதில் அதே அளவு பெப்டைடுக் கரைசல், மூன்றாவதில் அதே அமினோ அமிலங்களை வரிசை மாற்றிச் செய்த பெப்டைடு. பெப்டைடு, ஆன்டிபாடியைவிட எடையில் ஐந்து மடங்குதான். ஆனால் மூலக்கூறு எடையில் பெப்டைடு 2 கிலோடால்டன், ஆன்டிபாடி 150 என்பதால் ஓர் ஆன்டிபாடிக்குச் சுமார் 375 பெப்டைடு கிடைக்கும். செய்முறைகளில் வரும் 'அறை வெப்பம்' 20 முதல் 25 டிகிரி. டிசம்பரில் நம் அறைகள் அதைவிடக் குளிர்ந்திருக்கும். எனவே 4 டிகிரியில் இரவு முழுக்க மெல்லச் சுழலவிடுவதே நம்பகமானது. காலையில் ஒவ்வொன்றையும் அதே பஃபரில் 2 மில்லிலிட்டராக்குங்கள்.

ஒரே மாதிரியை ஒரே அளவில் ஓட்டிய மெம்பிரேனை நான்கு பட்டைகளாக வெட்டி, தனித்தனித் தட்டில் வையுங்கள். ஒரே தட்டில் இட்டால் பெப்டைடு பக்கத்துப் பட்டைக்கும் போய்விடும். முதல் மூன்று பட்டைகளுக்கு அந்தந்த டியூபின் கலவை, பிறகு செகண்டரி (முதல் ஆன்டிபாடியைப் பிடித்து பேண்டைக் காட்டும் இரண்டாம் ஆன்டிபாடி). நான்காவது பட்டைக்கு செகண்டரி மட்டும். நான்கையும் சேர்த்து, ஒரே எக்ஸ்போஷரில் படமெடுங்கள். தனித்தனியாக எடுத்தால் கருவியின் ஆட்டோ எக்ஸ்போஷர், மங்கிய பேண்டையும் பளிச்சென்று காட்டிவிடும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

இரண்டாவது பட்டையில் மட்டும் பேண்ட் மறைந்தால், அது பிடிப்பிடம் வழியாக ஒட்டியது. மூன்றாவதிலும் மங்கினால் கலவையிலேயே கோளாறு. நான்காவதிலும் தெரிந்தால் அது செகண்டரியின் வேலை. ஆனால் அதே வரிசையைக் கொண்ட வேறொரு புரதத்தின் பேண்டும் இரண்டாவதில் மறையும். அதைப் பிரித்தறிய, அந்த மரபணுவை நீக்கிய செல்லின் மாதிரியையும் பக்கத்து லேனில் ஓட்டுங்கள்.