புது துப்பறியும் தொடரோட முதல் கதையை எப்படிப் படிக்கிறது? (புதுசா தொடங்குறவங்களுக்கு)

எங்க அக்கா மகன் ஓஎல் பரீட்சை எழுதிட்டு வீட்டுல இருக்கான். போன வாரம் ஹட்டன்ல இருந்து நானுஓயாவுக்கு ரயில்ல போறப்ப அவனுக்கு ஒரு துப்பறியும் கதை குடுத்தேன், புது தொடரோட முதல் கதை, ஒரு 20 பக்கம் இருக்கும். சிங்கமலை சுரங்கம் தாண்டி கொட்டகலை வர்றதுக்குள்ள பாதி முடிஞ்சிருச்சு, தலவாக்கலைல புத்தகத்த மூடிட்டு "என்ன மாமா, கடைசில துப்பறியிறவரா வந்து சொல்றாரு, எனக்கு எப்படி தெரியும்"னு கோவிச்சுக்கிட்டான். ஆனா துப்பு அத்தனையும் அவன் கண்ணு முன்னாலதான் இருந்துச்சு. அவனுக்கு சொன்னதைத்தான் இங்க எழுதுறேன்.

1. கொப்பியும் பேனையும் எடுங்க

ஒரு பக்கத்த நடுவுல கோடு போட்டு ரெண்டாக்குங்க. இடது பக்கம் "ஆளு", வலது பக்கம் "சங்கதி". துப்பறியிறவரோட குணம், பழக்கம் எல்லாம் இடது பக்கம். நேரம், இடம், பொருள், யாரு எங்க இருந்தாங்க, இதெல்லாம் வலது பக்கம்.

2. அறிமுகத்த மெதுவா படிங்க

இதுதான் முக்கியமான படி, இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. முதல் கதை எழுதுறவருக்கு ரெண்டு வேலை இருக்கு, புது ஆள நமக்கு பிடிக்க வைக்கணும், அதே சமயம் புதிரையும் போடணும், கதையோ சின்னது, அதனால ரெண்டையும் ஒரே பக்கத்துல சேர்த்து வைப்பாரு, நாம ஆள ரசிச்சுக்கிட்டு இருக்கிறப்ப துப்பு பக்கத்துலயே நழுவிப் போயிரும்.

ஒரு உதாரணம் நானே சொல்றேன். பென்சன் வாங்கின கணக்கப்பிள்ளை ஒருத்தர்தான் துப்பறியிறவருன்னு வைங்க. மழைல ஹட்டன் டவுன்ல ஒரு தேத்தண்ணிக் கடைக்குள்ள வர்றாரு, குடைய உதறி மூலைல வைக்கிறாரு, உள்ளங்கைல சீனிய வச்சு நக்கிக்கிட்டே பிளேன்டீ குடிக்கிறாரு. கடைக்காரர் "நோர்வூட் பக்கம் மரம் விழுந்து கெடக்கு ஐயா, காலைல இருந்து மஸ்கெலியா பஸ் ஒண்ணும் வரல"ங்கிறாரு. நம்ம ஆளு தலைய ஆட்டிட்டு இன்னொரு பிளேன்டீ கேக்குறாரு. படிக்கிறவங்களுக்கு மனசுல நிக்கிறது அந்த சீனியும் பிளேன்டீயும். ஆனா 10 பக்கம் தள்ளி ஒருத்தன் "நான் காலைல மஸ்கெலியால இருந்து பஸ்லதான் வந்தேன்"னு சொல்லுவான். வலது பக்கத்துல பஸ் சங்கதிய எழுதி வச்சிருந்தா அந்த இடத்துலயே பிடிச்சிரலாம்.

3. கதை சொல்றவர் பார்த்ததை நம்புங்க, நினைச்சதை நம்பாதீங்க

எட்கர் ஆலன் போ 1841ல எழுதின முதல் துப்பறியும் கதைல இருந்தே துப்பறியிறவரோட கூட்டாளி ஒருத்தர் கதை சொல்ற வழக்கம் இருக்கு. அவர் "கதவு உள்ள பூட்டியிருந்துச்சு"ன்னா அது சங்கதி, எழுதிக்கங்க. "பாவம், அந்தப் பொண்ணு நல்லவ"ன்னா அது அவரோட எண்ணம், எழுத வேணாம். ரொனால்ட் நாக்ஸ்ங்கிற பாதிரியார் 1929ல துப்பறியும் கதைக்கு 10 விதி எழுதினாரு, அதுல ஒண்ணு, துப்பறியிறவருக்கு கிடைக்கிற துப்பு உடனே வாசகருக்கும் தெரியணும். இன்னொண்ணு, கூட்டாளி தன் மனசுல தோணுறத மறைக்கக் கூடாது, ஆனா அவரோட புத்தி சாதாரண வாசகர விட துளி கம்மியா இருக்கணும். எல்லாரும் இந்த விதிப்படிதான் எழுதுவாங்கன்னு இல்ல, ஆனா நல்லா எழுதுறவங்க நம்மள ஏமாத்துறது துப்ப மறைச்சு இல்ல, நம்ம கவனத்த வேற பக்கம் திருப்பித்தான்.

4. துப்பறியிறவர் எல்லாரையும் ஒரு இடத்துல கூட்டுறப்ப நிறுத்துங்க

"இப்ப எனக்கு எல்லாம் விளங்கிருச்சு"ன்னு அவர் சொல்ற வரியில புத்தகத்த மூடுங்க. கஷ்டமாத்தான் இருக்கும். வலது பக்கத்த மட்டும் ஒரு தடவ வாசிச்சுட்டு யாரு, எப்படின்னு ரெண்டு வரி எழுதுங்க. தப்பா இருந்தாலும் பரவால்ல, எழுதின பிறகுதான் முடிவுக்குப் போகணும்.

5. உடனே திரும்ப ஒருக்கா

முடிவு தெரிஞ்ச பிறகு முதல் 5 பக்கம் மட்டும் திரும்ப படிங்க. என் மருமகன் நானுஓயா ஸ்டேசன் பெஞ்சிலேயே உக்காந்து படிச்சான், மூணாவது பக்கத்துல "ஐயோ மாமா, இங்கயே இருக்கு"ன்னு கத்தினான்.

6. அடுத்த கதைக்கு

இடது பக்கத்த கிழிக்காதீங்க. முதல் கதைல வர்ற ஆளு அப்படியே இருக்க மாட்டாரு, எழுதுறவரும் அப்பதான் அவர பழகிக்கிட்டு இருக்காரு. 1887ல வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதைல அவரோட கூட்டாளி வாட்சனுக்கு குண்டு பட்டது தோள்ல, 1890ல வந்த ரெண்டாவதுல காயம் கால்ல. நம்ம சுஜாதாவோட கணேஷும் முதல்ல தனியாத்தான் வந்தாரு, அவரோட ஜூனியர் வசந்த் பிறகுதான் வந்து சேர்ந்தாரு. அதனால முதல் கதைல ஆளு கொஞ்சம் விறைப்பா இருந்தா தொடர விட்டுறாதீங்க, ரெண்டாவது கதையையும் அதே கொப்பில, இடது பக்கத்துல பழைய குறிப்புக்கு கீழயே எழுதிக்கிட்டு படிங்க, எது மாறியிருக்குன்னு பாருங்க.