புற்றுநோய் எப்படித் தொடங்குகிறது: போட்டியிடும் கோட்பாடுகளை எடைபோடும் முறை

புற்றுநோயின் தோற்றத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவரும் முரண்பட்ட விளக்கங்களை எதிர்கொள்ள நேரிடும். மரபணுக்களில் நேரும் பிறழ்வுகளே (மாற்றங்களே) காரணம் என்று ஒரு தரப்பும், உயிரணுவின் ஆற்றல் உற்பத்தி கெடுவதே காரணம் என்று மற்றொரு தரப்பும், கோளாறு தனி உயிரணுவில் அன்றித் திசுவின் ஒழுங்கமைப்பில்தான் இருக்கிறது என்று மூன்றாவது தரப்பும் வாதிடுகின்றன. மூன்றுக்கும் ஆய்வகச் சான்றுகள் இருப்பதால், சான்று இருக்கிறதா என்று மட்டும் கேட்பது பயன் தராது.

முதலில், காட்டப்படும் சான்று நோயின் தொடக்கத்தைப் பற்றியதா, உருவாகிவிட்ட கட்டியின் இயல்பைப் பற்றியதா என்று பிரித்துப் பாருங்கள். 1920-களில் ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க், கட்டியின் உயிரணுக்கள் ஆக்சிஜன் போதிய அளவு இருக்கும்போதும் குளுக்கோஸைப் பெருமளவில் லாக்டிக் அமிலமாக மாற்றுவதைக் கண்டார். அந்த அவதானிப்பு இன்றும் சரியானதே. பெட் ஸ்கேன் பல கட்டிகளைக் காட்டித் தருவது இந்தக் குளுக்கோஸ் பசியை வைத்துத்தான். ஆனால் உயிரணுச் சுவாசம் பழுதாவதே நோயின் மூலம் என்று அவர் எடுத்த முடிவு வேறு. பல கட்டிகளில், உயிரணுச் சுவாசம் நடைபெறும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே இயங்குகிறது; தொற்றை எதிர்த்து வேகமாகப் பெருகும் நலமான வெள்ளணுக்களும் இதே வழியில்தான் குளுக்கோஸைச் செலவிடுகின்றன. கட்டியில் காணப்படும் ஒரு தன்மை, அந்தக் கட்டியின் காரணமாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

அடுத்து, கோட்பாடு எதை முன்கூட்டியே சொன்னது என்று தேடுங்கள். மரபணுப் பிறழ்வுக் கோட்பாடு வலுவாக நிற்பது இங்கேதான். குரோமோசோம் குலைவே புற்றுநோய்க்கு வழி வகுக்கிறது என்று தியோடர் போவெரி 1914-இல் எழுதியபோது டிஎன்ஏவின் அமைப்பே தெரியாது. 1971-இல் ஆல்ஃபிரட் நட்சன், குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்து, பரம்பரையாக வருவது ஏன் இளவயதிலேயே, பெரும்பாலும் இரு கண்களிலும் தோன்றுகிறது, பரம்பரையல்லாதது ஏன் சற்றுத் தாமதமாக ஒரே கண்ணில் தோன்றுகிறது என்பதை, நோய்க்கு இரண்டு பிறழ்வுகள் தேவை, பரம்பரையில் முதலாவது பிறவியிலேயே இருக்கிறது என்ற ஒரே கருத்தால் விளக்கினார். அதற்குரிய மரபணு 1986-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில், பிறழ்ந்த ஒரே புரதத்தின் செயலைத் தடுக்கும் இமாட்டினிப் மருந்து நோயை ஆண்டுக்கணக்கில் அடக்கி வைப்பதும் இதே கோட்பாட்டின் கணக்கில் சேர வேண்டியது.

பிறகு, ஒவ்வொரு கோட்பாட்டையும் அதற்குப் பிடிக்காத சான்றின் முன் நிறுத்துங்கள். என் கருத்தில் இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான படி. 2015-இல் நான்கு பேரின் கண்ணிமைத் தோலை ஆராய்ந்தவர்கள், நலமான அந்தத் தோலின் உயிரணுக்களில் 18 முதல் 32 விழுக்காடு வரை புற்றுநோயோடு தொடர்புடைய பிறழ்வுகளை ஏற்கெனவே தாங்கியிருப்பதைக் கண்டனர். 2018-இல் உணவுக்குழாயை ஆராய்ந்தபோது நிலைமை இன்னும் விசித்திரமானது: நாட்ச்-1 என்ற மரபணுவின் பிறழ்வு, உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இருப்பதைவிட நடுவயதைக் கடந்தவர்களின் நலமான உணவுக்குழாயில் அதிகமாகப் பரவியிருந்தது. பிறழ்வு மட்டுமே போதுமானது என்றால் இவர்கள் நலமாக இருந்திருக்க முடியாது. இதற்கு வெகு முன்பே, 1984-இல், மினா பிஸ்ஸெலின் ஆய்வகம் கோழிகளில் கட்டியை உண்டாக்கும் ரௌஸ் வைரஸைக் கோழிக்கருவில் செலுத்திப் பார்த்தது. வைரஸ் உள்ளே புகுந்து தன் மரபணுவை இயக்கியும் கருவில் கட்டி உருவாகவில்லை. அதே உயிரணுக்களைக் கருவிலிருந்து பிரித்துத் தட்டில் வளர்த்தபோது அவை புற்றுத்தன்மை அடைந்தன.

இத்தகைய முடிவுகளுக்கு இடம் தரும் விளக்கமாகவே 1999-இல் அனா சோட்டோவும் கார்லோஸ் சோனென்ஷைனும் திசு ஒழுங்கமைப்புக் கோட்பாட்டை முன்வைத்தனர். அதையும் இதே சோதனைக்கு உட்படுத்துங்கள். ஒரே வகைப் புற்றுநோயில் நோயாளிக்கு நோயாளி அதே மரபணுக்கள் திரும்பத் திரும்பப் பிறழ்வது ஏன், பரம்பரைப் பிறழ்வு உள்ள குடும்பங்களில் ஆபத்து அவ்வளவு உயர்வது ஏன் என்ற கேள்விகளுக்கு அதன் பதில் மெலிந்தே இருக்கிறது.

எண்களைப் படிக்கும்போது, அவை எதை எதோடு ஒப்பிடுகின்றன என்று பார்க்கத் தவறாதீர்கள். 2015-இல் தொமாசெட்டியும் வோகல்ஸ்டைனும் 31 திசுக்களில் குருத்தணுக்கள் (பிரிந்து புதிய உயிரணுக்களைத் தரும் மூல உயிரணுக்கள்) வாழ்நாளில் எத்தனை முறை பிரிகின்றன என்பதை அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்போடு ஒப்பிட்டு, 0.81 என்ற ஒட்டுறவைக் கண்டனர் (1 என்றால் முழுப் பொருத்தம்). திசுக்களுக்கிடையிலான வேறுபாட்டில் எவ்வளவு பங்கை இது விளக்குகிறது என்பதைக் காட்டும் அதன் வர்க்கம் ஏறத்தாழ 0.65. உடனே பல செய்திகள் மூன்றில் இரண்டு பங்குப் புற்றுநோய்கள் வெறும் துரதிர்ஷ்டத்தால் வருகின்றன என்று எழுதின. அந்த 65 விழுக்காடு, திசுவுக்குத் திசு ஆபத்து வேறுபடுவதைப் பற்றியது. எத்தனை நோயாளிகளுக்கு எதனால் நோய் வந்தது என்பதைப் பற்றியது அன்று. மார்பகப் புற்றுநோயும் புராஸ்டேட் புற்றுநோயும் அந்த ஒப்பீட்டில் சேர்க்கப்படவே இல்லை.

தரப்புகளை இணைக்கும் ஆய்வுகளுக்குக் கூடுதல் கவனம் கொடுங்கள். வளர்சிதை மாற்ற நொதிகளுக்குரிய ஐடிஎச் மரபணுக்களின் பிறழ்வு, உயிரணுவுக்குள் இயல்புக்கு மாறான ஒரு வளர்சிதைப் பொருளைக் குவித்து, அதன் மூலம் பிற மரபணுக்களின் இயக்கத்தையே மாற்றிவிடுகிறது. இங்கே மரபணுவும் வளர்சிதை மாற்றமும் ஒரே சங்கிலியில் வருகின்றன. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, காற்றிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலில் அழற்சியைத் தூண்டி, முன்பே பிறழ்வோடு செயலற்றிருந்த உயிரணுக்களை வளரச் செய்வதாக எலிகளில் காட்டியது. பிறழ்வு தேவை, ஆனால் அது வளரச் சூழல் இடம் கொடுக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டையே இன்றைய சான்றுகள் அதிகம் ஆதரிக்கின்றன என்று கருதுகிறேன்.

கோட்பாட்டிலிருந்து சிகிச்சைக்குத் தாவும் பத்தி வந்தால் அங்கே நிறுத்திப் படியுங்கள். புற்றணுக்கள் குளுக்கோஸை விரும்புவதால் மாவுச்சத்தை நிறுத்தினால் அவை பட்டினியால் சாகும் என்ற வாதம் அத்தகையது. உணவில் மாவுச்சத்து இல்லாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் அதன் அளவைக் காக்கிறது. பல புற்றணுக்கள் குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தையும் கொழுப்பு அமிலங்களையும் பயன்படுத்திக்கொள்கின்றன. நோயால் ஏற்கெனவே எடை குறைந்துவரும் ஒருவருக்குக் கடுமையான உணவுக் கட்டுப்பாடு தீங்காகவும் முடியலாம். வார்பர்க் சொன்னது முழுவதும் சரியென்றே வைத்துக்கொண்டாலும், அந்த உணவுமுறை நோயாளிகளிடம் ஒப்பீட்டுக் குழுவோடு சோதிக்கப்பட்டதா என்று தனியே கேட்க வேண்டும். சிகிச்சையில் இருப்பவர் அதைத் தொடங்கும் முன்பே தம் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.