அட்டிக்கைக் குளிர்விக்கும் ஏசி: டக்ட் கசிவை அடைப்பதில் நடக்கும் தவறுகள்

2023-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள பீனிக்ஸ் நகரத்தில் ஜூன் 30 தொடங்கி ஜூலை 30 வரை 31 நாள், ஒரு நாள் விடாமல், பகல் உச்ச வெப்பம் 110 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது. செல்சியஸில் 43-க்கும் மேல். (இனி வரும் டிகிரி எல்லாம் பாரன்ஹீட்தான்.) மறு வருடம் 113 நாள் தொடர்ச்சியாக 100 டிகிரிக்குக் குறையவில்லை. இப்படிப்பட்ட ஊரில் ஏசியின் காற்றுக் குழாய்களை, அதாவது டக்டை, எங்கே போட்டிருக்கிறார்கள்? பெரும்பாலான வீடுகளில் அட்டிக்கில், அதாவது கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே. கோடை மதியத்தில் அந்த இடம் 140, 150 டிகிரிக்குப் போகும். வீட்டிலேயே ஆகச் சூடான இடத்தின் வழியாகத்தான் 55, 60 டிகிரிக் குளிர்காற்று பயணம் செய்கிறது. குழாயில் ஓட்டை இருந்தால் அந்தக் குளிர்ச்சி யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு சாதாரண அமெரிக்க வீட்டில் டக்ட் வழியாக ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவிலும், சரியாகப் பொருந்தாத இணைப்புகளிலும் வீணாகிறது என்கிறது அமெரிக்க அரசின் எரிசக்திச் சிக்கனத் திட்டமான எனர்ஜி ஸ்டார். மிதமான ஊரில் இது பண நஷ்டம் மட்டும். அரிசோனாவில் ஆகஸ்ட் மாதத்தில் படுக்கையறை 84 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கும்.

அறை குளிரவில்லை என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது பெரிய ஏசி. மூன்று டன் போதவில்லை, நாலு டன் போடலாம் என்று விற்க வருபவரும் தலையாட்டுவார். மூன்று டன் இயந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1200 கன அடி காற்றைத் தள்ளும். நாலு டன் என்றால் 1600. குழாய் மட்டும் அதே பழைய குழாய். உள்ளே அழுத்தம் ஏறும், அதே ஓட்டை வழியாக இன்னும் அதிகமாகக் காற்று போகும். டக்டைச் சோதிக்காமல் ஏசியை மாற்றுவதுதான் இந்த விஷயத்தில் ஆக விலை உயர்ந்த தவறு.

ரிட்டர்னை மறந்துவிடுவது

சரி, கசிவை அடைக்கலாம் என்று முடிவு செய்தவர்களும் பெரும்பாலும் பாதி வேலைதான் செய்கிறார்கள். குளிர்காற்று வரும் சப்ளை குழாய்களைத் தடவித் தடவி அடைப்பார்கள். அறைக் காற்றை இயந்திரத்துக்குத் திருப்பி இழுக்கும் ரிட்டர்ன் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே காற்று வெளியே வருவதில்லை, உள்ளே இழுபடுகிறது. கையை வைத்தால் குளிர்ச்சி தெரியாது. அதனால் கசிவு இருப்பதே தெரியாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அறையில் 78 டிகிரி, அட்டிக்கில் 140. ரிட்டர்ன் இழுக்கும் காற்றில் பத்தில் ஒரு பங்கு மட்டும் அட்டிக்கிலிருந்து கலக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்துக்குள் நுழையும் காற்று 78 இல்லை, 84. நல்ல ஏசி ஏறத்தாழ 20 டிகிரி இறக்கும். 58 டிகிரியில் வர வேண்டிய காற்று 64-இல் வரும். இருபதில் ஆறு டிகிரி அட்டிக் சூட்டை ஆற்றுவதற்கே செலவு. பத்து சதவீதக் கசிவு முப்பது சதவீதக் குளிர்ச்சியைத் தின்றுவிடுகிறது. சப்ளை பக்கம் பத்து சதவீதம் கசிந்தால் நேரடியாகப் போவது பத்து சதவீதம்தான். சூடான ஊரில் முதல் மரியாதை ரிட்டர்னுக்கு என்று நான் வாதாடுவது இதனால்தான்.

பீனிக்ஸ் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் ரிட்டர்ன் என்பது முறையான குழாயாகவே இருக்காது. கராஜிலோ அலமாரி அறையிலோ மரச்சட்டத்தாலும் டிரைவால் எனும் ஜிப்சம் பலகையாலும் ஒரு பெட்டி அடித்து, அதன் மேல் இயந்திரத்தை உட்கார வைத்திருப்பார்கள். பெட்டியின் உள்மூலைகளில் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். அது சுவரின் உள்வெற்றிடத்தோடும், சுவர் அட்டிக்கோடும் சேர்ந்திருக்கும். கராஜ் என்றால் பெட்ரோல் வாடை, பெயின்ட் வாடை, கார்ப் புகை எல்லாம் படுக்கையறைக்கு வரும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை நீளும் மான்சூன் காலத்தில் புழுதிப்புயல் அடித்த மறுநாள் ஃபில்டர் சட்டென்று கறுத்துப்போனால் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான்.

கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், ஊதுபத்தி போதும். தெர்மோஸ்டாட்டில் ஃபேனை மட்டும் ஓடவிட்டு, ஃபில்டர் கதவின் விளிம்பு, பெட்டியின் மூலைகள், இயந்திரத்தின் தகரக் கதவு ஓரம், வயரும் செப்புக் குழாயும் நுழையும் துளைகள் என்று மெதுவாக நகர்த்துங்கள். ரிட்டர்ன் பக்கத்தில் ஓட்டை இருந்தால் நேராக எழும் புகை ஒரு இடத்தில் படக்கென்று வளைந்து உள்ளே போகும். பற்றவைத்த ஊதுபத்தியை அட்டிக்குக்கு எடுத்துப் போக வேண்டாம். கராஜில் பெட்ரோல் டப்பா, பெயின்ட் டப்பா இருந்தால் அங்கேயும் வேண்டாம்; ஒரு நீளத் துண்டு டிஷ்யூ பேப்பர் அதே வேலையைச் செய்யும்.

டேப்பை நம்புவது

ஹார்டுவேர் கடையில் சாம்பல் நிறத்தில் கிடைக்கும் துணி டேப், அதாவது டக்ட் டேப், டக்டுக்கு ஆகாது. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் மேக்ஸ் ஷெர்மனும் இயன் வாக்கரும் பல வகை அடைப்புப் பொருள்களைக் குழாய் இணைப்புகளில் ஒட்டி, சூடும் குளிருமாக மாற்றி மாற்றிக் காற்றைச் செலுத்திச் சோதித்தார்கள். 1998-இல் முடிவு வெளிவந்தது. தோற்றது ரப்பர் பசை கொண்ட அந்தத் துணி டேப் மட்டுமே. சூட்டில் பசை காய்ந்து, துணி சுருங்கி, பிடி விட்டுப்போகிறது. அரிசோனா அட்டிக் ஒவ்வொரு கோடையிலும் அதே சோதனையை இலவசமாக நடத்துகிறது.

வேலைக்கு ஆவது மாஸ்டிக். தயிர்ப்பதத்தில் வாளியில் வரும் பூச்சு அது. பிரஷ்ஷாலோ கையுறை போட்ட விரலாலோ பூசலாம். இங்கேயும் ஒரு தவறு உண்டு: பெயின்ட் அடிப்பதுபோல் மெலிதாக இழுத்துவிட்டுப் போவது. ஐந்து சென்ட் நாணயத்தின் கனம் இருக்க வேண்டும். அடியில் உள்ள இணைப்பின் கோடு கண்ணுக்குத் தெரியக்கூடாது. கால் அங்குலத்தைத் தாண்டிய இடைவெளியில் ஃபைபர்கிளாஸ் வலையை முதலில் ஒட்டி அதன் மேல் பூசாவிட்டால் காயும்போது வெடிக்கும். தூசியைத் துடைக்காமல் பூசினால் அது ஒட்டுவது தூசியோடுதான். டேப்தான் வேண்டும் என்றால் டக்டுக்கான தர முத்திரையான யுஎல் 181 உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்: ஃபைபர்கிளாஸ் பலகைக் குழாய்க்கு 181ஏ, வளையும் ஃப்ளெக்ஸ் குழாய்க்கு 181பி. முத்திரை டேப்பின் முதுகிலேயே வரிசையாக அச்சாகியிருக்கும்.

மாஸ்டிக் அடைக்கும், தாங்காது. தகரக் குழாய் இணைப்பு ஆடினால் முதலில் சுற்றி மூன்று ஸ்க்ரூ, பிறகு பூச்சு. பூசிவிட்டால் போதும் என்று ஸ்க்ரூவை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வருடத்தில் குழாய் தன் எடையிலேயே பிரிந்துவிடும்.

வெளியே பார்க்க அழகாக இருக்கும் இணைப்பு

ஃப்ளெக்ஸ் குழாய் மூன்று அடுக்கு. உள்ளே கம்பிச் சுருள் வைத்த மெல்லிய குழாய், அதைச் சுற்றி ஃபைபர்கிளாஸ் பஞ்சு, வெளியே பளபளக்கும் உறை. காற்று ஓடுவது உள்குழாயில். நான் பார்த்து எரிச்சல்படுவது, வெளி உறையை மட்டும் இழுத்து டேப் சுற்றிவிட்டு உள்குழாயை இணைப்பின் தகர வளையத்தின் மேல் சும்மா செருகி வைத்திருப்பதை. கீழே இருந்து டார்ச் அடித்தால் குறை சொல்ல முடியாது. உள்ளே குளிர்காற்று பஞ்சுக்குள் புகுந்து எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கும்.

சரியான வரிசை இது. உறையையும் பஞ்சையும் பின்னால் தள்ளுங்கள். தகர வளையத்தில் மாஸ்டிக் பூசி, உள்குழாயை அதன் மேல் குறைந்தது ஓர் அங்குலம் ஏற்றி, நைலான் பட்டையைக் கருவியால் இறுக்குங்கள். கையால் இழுத்தால் போதிய இறுக்கம் வராது. பிறகு பஞ்சைத் திரும்ப இழுத்து மூடி, வெளி உறைக்குத் தனியாக இன்னொரு பட்டை. போகிற போக்கில், தொய்ந்து கிடக்கும் குழாயை நாலு அடிக்கு ஒரு அகலப் பட்டையால் தூக்கிக் கட்டிவிடுங்கள். தொய்வும் நெளிவும் கசிவு இல்லைதான். ஆனால் காற்றைத் தடுத்து அழுத்தத்தை ஏற்றி, மற்ற ஓட்டைகளில் கசிவைக் கூட்டும்.

எங்கே தொடங்குவது என்பதிலும் சறுக்குகிறார்கள். அழுத்தம் அதிகம் இருப்பது இயந்திரத்தை ஒட்டி, காற்றைக் குழாய்களுக்குப் பிரித்துவிடும் பிளீனம் பெட்டியிலும் அதிலிருந்து பிரியும் முதல் இணைப்புகளிலும். அங்கே உள்ள ஓட்டை, கடைசி அறையில் உள்ள அதே அளவு ஓட்டையைவிட அதிகம் கசியும். கைக்கு எட்டுவது கடைசி அறை என்பதால் அங்கேயே தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அறைக்குள் நின்றே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு, அதை விடவேண்டாம்: சீலிங் கிரில்லைக் கழற்றினால் தகரப் பெட்டிக்கும் டிரைவாலுக்கும் நடுவே இடைவெளி தெரியும். கிரில்லைச் சுற்றிக் கறுப்புத் தீற்றல் படிந்திருந்தால் அங்கே காற்று போய் வருகிறது என்று பொருள். கீழே ஏணியில் நின்றபடியே அடைத்துவிடலாம்.

பஞ்சு போர்த்துவது கடைசி வேலை. கசிவை அடைக்காமல் மேலே இன்சுலேஷன் சுற்றினால், காற்று அதை ஊடுருவிப் போகும். வடிகட்டிய தூசி கறுப்புத் திட்டாகப் படியும். பழைய பஞ்சில் அந்தத் திட்டு இருந்தால் கிழித்துப் போடுவதற்கு முன் குறித்துக்கொள்ளுங்கள், ஓட்டைக்கு அதுவே வரைபடம். அட்டிக் குழாய்க்கு ஆர்-8 தரம் (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு) இப்போதைய கட்டட விதிகள் கேட்பது.

பாலைவன ஊருக்கே உரிய ஒன்று: பழைய வீடுகளில் முன்பு தண்ணீர்க் கூலர் இருந்திருக்கும். கூரை மேல் கூலரும் ஏசியும் ஒரே டக்டைப் பகிர்ந்துகொள்ள, நடுவே ஒரு தகரத் தட்டு செருகியிருப்பார்கள். கூலரைக் கழற்றியவர் தட்டைச் சரியாக மூடாமல் போயிருந்தால், கூரை மேல் திறந்த வாய் ஒன்று வைத்துக்கொண்டு உள்ளே மாஸ்டிக் பூசிக்கொண்டிருப்பீர்கள். ஏசியே கூரை மேல் உட்கார்ந்திருக்கும் வீடுகளில், வெயிலில் காயும் அந்த வெளி முழங்கைக் குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

யாரும் தங்காத அறையின் கிரில்லை மூடுவதால் மிச்சம் ஒன்றும் இல்லை. அழுத்தம் ஏறி மற்ற இடங்களில் கசிவு கூடும். டக்டைச் சுத்தம் செய்வதும் கசிவை அடைப்பதும் ஒன்றல்ல. சுத்தம் செய்வது உடல்நலக் கோளாறுகளைத் தடுக்கும் என்று நிரூபணம் ஆகவில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே சொல்கிறது.

உயிர் சம்பந்தப்பட்டவை

ஜூலை மதியம் அட்டிக்கில் ஏறாதீர்கள். அக்டோபருக்குப் பிறகு, முடிந்தால் விடிகாலையில், கீழே ஒருவரை வைத்துக்கொண்டு. கால் வைக்க வேண்டியது மரச்சட்டத்தில். நடுவே வைத்தால் டிரைவாலோடு கீழே வரவேற்பறைக்கு வந்துவிடுவீர்கள். 1990-க்கு முன் கட்டிய வீட்டு அட்டிக்கில் கூழாங்கல் போன்ற சாம்பல்-பழுப்புத் துகள்கள் கொட்டியிருந்தால் அது வெர்மிகுலைட்டாக இருக்கலாம். மொண்டானா மாநிலம் லிபி சுரங்கத்திலிருந்து வந்ததில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. பழைய தகரக் குழாய் இணைப்பில் ஒட்டிய வெள்ளைக் காகிதப் பட்டையிலும் அது இருக்கக்கூடும். இரண்டையும் கிளறாமல் முதலில் சோதனைக்கு அனுப்புங்கள்.

கேஸ் வாட்டர் ஹீட்டர் வீட்டுக்குள் இருந்தால் இன்னொரு கவலை. சப்ளை மட்டும் கசியும் வீட்டில் உள்ளே காற்றழுத்தம் குறையும். ரிட்டர்ன் அதே அறையில் கசிந்தாலும் அப்படியே. புகைபோக்கியில் மேலே போக வேண்டிய புகை கீழே திரும்பும், கார்பன் மோனாக்சைடோடு. வேலை முடிந்ததும் ஃபேனை ஓடவிட்டு, கதவுகளை மூடி, புகை சரியாக மேலே போகிறதா என்று தொழில் தெரிந்தவர் பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் பொருத்துவது கட்டாயம்.

உள்ளிருந்தே அடைக்கும் ஏரோசீல் முறை பெர்க்லி ஆய்வகத்தில் மார்க் மொடேராவின் வேலையில் பிறந்தது. கிரில்களை அடைத்து, பசைத்துகளைக் காற்றில் கலந்து ஊதுவார்கள். துகள் ஓட்டையின் விளிம்பில் படிந்து படிந்து மூடும். கை நுழையாத இடங்களுக்கு அருமையான வழி. ஆனால் முக்கால் அங்குலத்துக்கும் மேலான ஓட்டையையோ கழன்று கிடக்கும் குழாயையோ அது சேர்க்காது. பெரியவற்றைக் கையால் முடிக்காமல் அதற்குப் பணம் கட்டுவது வீண்.

யார் செய்தாலும், அளக்காமல் செய்தால் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. எல்லா கிரில்களையும் ஒட்டி, அளவிடும் ஃபேன் ஒன்றைப் பொருத்தி, 25 பாஸ்கல் அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை கன அடி கசிகிறது என்று வேலைக்கு முன்பும் பின்பும் அளக்கச் சொல்லுங்கள். 2012 முதல் வந்த மாதிரி எரிசக்தி விதிகள் புது வீட்டுக்கு 100 சதுர அடிக்கு 4 கன அடி என்று வரம்பு வைத்தன. 2000 சதுர அடி வீட்டுக்கு 80. பழைய வீடு அங்கே வருவது கடினம், பாதியாகக் குறைந்தாலே நல்ல வேலை. மொத்தக் கசிவா, வெளியே போகும் கசிவு மட்டுமா என்று கேளுங்கள். இரண்டும் வேறு எண்கள். முன்பு ஒன்றையும் பின்பு மற்றொன்றையும் காட்டினால் எந்த வேலையும் பிரமாதமாகத் தெரியும்.

கடைசியாக, ஸ்டாட்டிக் பிரஷர், அதாவது காற்றைத் தள்ளவும் இழுக்கவும் இயந்திரம் எதிர்கொள்ளும் அழுத்தம். இத்தனை நாள் ஓட்டை வழியாகவும் காற்று இழுத்துக்கொண்டிருந்த இயந்திரம், அடைத்த பிறகு ரிட்டர்ன் கிரில் வழியாக மட்டுமே இழுக்க வேண்டும். அந்தக் கிரில் சிறியதாக இருந்தால் காற்றோட்டம் குறைந்து, காற்றைக் குளிர்விக்கும் காயிலில் பனி கட்டும். அடைத்த வாரத்திலேயே ஏசி மோசமாகிவிட்டது என்று புகார் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ரிட்டர்னைப் பெரிதாக்க வேண்டும், அல்லது இரண்டாவது ஒன்று போட வேண்டும். மாஸ்டிக்கைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை.