காலி பிக்கப் குதிக்கிறதா?
கோயம்பேட்டில் காய்கறி மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் பிக்கப் தன் குணத்தைக் காட்டும். ஒவ்வொரு வேகத்தடைக்கும் இடுப்பு கழன்றுவிடும்! உடனே உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டைக்கு ஓடி, குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர் வாங்காதீர்கள். முதலில் பின் டயர் காற்றைப் பாருங்கள். பின்னால் இருக்கும் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கடுக்கான இரும்புப் பட்டை) பாரம் தாங்கச் செய்தது, எடை இல்லாவிட்டால் லேசில் வளையாது. அதோடு லோடுக்கு அடித்த காற்றும் அப்படியே இருந்தால் குதிக்காமல் என்ன செய்யும்? பல வண்டிகளில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். காலிக்கும் லோடுக்கும் வேறு வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி வையுங்கள். காலையில், டயர் சூடாகும் முன்பே பார்ப்பது நல்லது.

அப்புறமும் குதித்தால், ஷாக்கின் உடம்பில் விரலை வைத்துத் தடவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் ஷாக் கசிகிறது; இப்போது புதுப்பேட்டைக்குப் போகலாம். ஜோடியாகவே மாற்றுங்கள்.